அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் சோதனை: ஒரே பெயரில் இரண்டு சேவைகள்

நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்னும் அரிய நரம்பு நோயை உறுதிப்படுத்த உதவும் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் இரத்தச் சோதனையை இரண்டு வெவ்வேறு ஆய்வகங்களில் செய்துகொண்ட ஒருவரின் தங்கை என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நோயாளி என் அக்கா. ஆய்வகங்களின் பெயர்களை இங்கே குறிப்பிடப்போவதில்லை. விலைப்பட்டியலில் ஒரே பெயரில் இருக்கும் இந்தச் சோதனை எந்த முறையில் செய்யப்படுகிறது, இரத்தம் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்ற இரண்டும்தான் முடிவின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. செயலியின் அழகும் அறிக்கை வந்து சேரும் வேகமும் அதற்குப் பிறகே வரவேண்டும் என்பது என் கருத்து.

முதலில், இந்தச் சோதனைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் பார்வை நரம்பையும் தண்டுவடத்தையுமே தாக்கும் இந்த நோயை 1894-இல் பிரெஞ்சு மருத்துவர் யூஜின் தெவிக் விவரித்தார். அதன் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, இது மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகையா, தனி நோயா என்ற விவாதம் தீரவில்லை. 2004-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லெனன் உள்ளிட்ட குழுவினர் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் தனித்துவமான ஓர் எதிர்ப்பொருளைக் கண்டறிந்தார்கள். அது மூளையின் ஆஸ்ட்ரோசைட் செல்களில் நீர் சென்றுவரும் வழியாக அமைந்த அக்வாபோரின்-4 என்ற புரதத்தைத் தாக்குகிறது என்பது அடுத்த ஆண்டே தெளிவாயிற்று. 2015-இல் வெளியான சர்வதேச வரையறையின்படி, இந்த எதிர்ப்பொருள் இருப்பது உறுதியானால், பார்வை நரம்பு அழற்சி, தண்டுவட அழற்சி, காரணமில்லாமல் நாள்கணக்கில் நீடிக்கும் விக்கல் அல்லது வாந்தி போன்ற முதன்மை அறிகுறிகளில் ஒன்று இருந்தாலே, மற்ற நோய்கள் விலக்கப்பட்ட நிலையில், நோயை உறுதிசெய்துவிடலாம். எதிர்ப்பொருள் இல்லையென்றால் குறைந்தது இரண்டு முதன்மை அறிகுறிகளும் எம்.ஆர்.ஐ.யில் குறிப்பிட்ட சான்றுகளும் வேண்டும்.

சிகிச்சையைப் பொறுத்தவரை இதன் விளைவு இன்னும் பெரியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரப்படும் இன்டர்ஃபெரான் பீட்டா, நட்டாலிசுமாப், ஃபிங்கோலிமாட் ஆகிய மருந்துகள் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா நோயாளிகளின் நிலையை மோசமாக்கக்கூடியவை. மறுபுறம், 2019 முதல் இந்நோய்க்கென்றே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எக்குலிசுமாப், இனெபிலிசுமாப், சாட்ராலிசுமாப் போன்ற மருந்துகள் எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே ஆய்வக அறிக்கையில் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற முடிவு, எந்த மருந்து வாசல் திறக்கும், எது மூடும் என்பதையே நிர்ணயித்துவிடுகிறது. ஒவ்வொரு தாக்குதலும் பார்வையிலோ நடையிலோ மீளாத இழப்பை விட்டுச்செல்லக்கூடிய நோய் இது என்பதால், தவறான முடிவுக்குக் கொடுக்கவேண்டிய விலை அதிகம்.

இனி முதல் ஆய்வகம். சேவை என்று பார்த்தால் குறைசொல்ல இடமே இல்லை. முன்பதிவு எளிதாக இருந்தது. இரத்தம் எடுக்க வந்தவர் குறித்த நேரத்துக்கு மருத்துவமனைப் படுக்கைக்கே வந்தார். ஊசி குத்தியதே தெரியவில்லை என்று அக்கா சொன்னார். வெறும் வயிற்றில் இருக்கத் தேவையில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிவித்தார்கள். அறிக்கை சொன்ன நாளுக்கு முன்பாகவே கைபேசிக்கு வந்துசேர்ந்தது. பச்சை நிறக் கட்டத்துக்குள் ‘நெகட்டிவ்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஓர் எண்ணும், அதைவிட உயர்ந்த ஓர் எல்லை மதிப்பும் இருந்தன. பக்கத்தின் அடியில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கவேண்டிய எழுத்தில், முறை எலைசா என்று போட்டிருந்தது.

குறை எங்கே என்றால், இரத்தம் எடுக்கப்பட்டபோது அக்காவுக்குப் பிளாஸ்மா மாற்று சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களை வடித்து வெளியேற்றுவதே அந்தச் சிகிச்சையின் நோக்கம். உடலிலுள்ள பிளாஸ்மாவின் அளவுக்கு ஒருமுறை மாற்றினாலே இரத்த ஓட்டத்தில் உள்ள ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளில் பாதிக்கு மேல் போய்விடும். இன்னொரு முறை மாற்றினால் மீதியிலும் அதே விகிதம் போய்விடும். அப்படிப்பட்ட இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவது, அறுவடை முடிந்த வயலில் நெல் விளைந்ததா என்று பார்ப்பதைப் போன்றது. இதை முதல் ஆய்வகத்தில் எவரும் கேட்கவில்லை. படிவத்தில் பெயர், வயது, பாலினம், கட்டணம் செலுத்தும் விதம் ஆகியவற்றுக்கு இடம் இருந்தது. அண்மையில் பெற்ற சிகிச்சை என்ன என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. மருத்துவமனையும் சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு குறிப்பான ஒரு சோதனையை விற்பவர்கள் அதைக் கேட்டுப் பெறுவதைத் தங்கள் கடமையாகக் கொள்ளவேண்டும்.

நரம்பியல் மருத்துவர் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. அக்காவுக்குப் பார்வை நரம்பு அழற்சிக்கு முன்பு, இரைப்பைக் கோளாறு என்று நினைத்து மருந்து சாப்பிட்டும் அடங்காத விக்கல் இருந்தது, எம்.ஆர்.ஐ.யில் தண்டுவட அழற்சி மூன்று முள்ளெலும்புகளின் நீளத்தைத் தாண்டித் தொடர்ச்சியாகத் தெரிந்தது. இவ்வளவும் ஒன்றுசேர்ந்திருக்கும்போது ஒரு நெகட்டிவ் எலைசாவை வைத்து நோயை விலக்க முடியாது என்றார் அவர். சில மாதங்கள் கழித்து, எதிர்ப்பொருள் உற்பத்திக்குக் காரணமான பி-செல்கள் என்னும் வெள்ளணுக்களை ஒழிக்கும் மருந்து எதையும் தொடங்குவதற்கு முன், செல் அடிப்படையிலான முறையில் மறுபடி பார்க்கச் சொன்னார்.

இந்த இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். சோதனைக்குப் பணம் கட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு இது சொல்லப்படுவதே இல்லை. எலைசாவில், பிரித்தெடுக்கப்பட்ட அக்வாபோரின் புரதம் ஒரு பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் பூசப்பட்டிருக்கும். அதன்மேல் நோயாளியின் சீரம், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர், விடப்படும். எதிர்ப்பொருள் ஒட்டினால் நிறம் மாறும். அந்த நிறத்தின் அடர்த்தியை இயந்திரம் எண்ணாக்கும். மலிவானது, விரைவானது, ஒரே நேரத்தில் பல மாதிரிகளைப் பார்க்க ஏற்றது. ஆனால் அக்வாபோரின்-4 உடலில் இப்படித் தனித்தனியாக நிற்பதில்லை. செல்லின் சவ்வில் நான்கு நான்காகச் சேர்ந்து, அந்த நான்குகளும் வரிசை வரிசையாக அடுக்கி நிற்கின்றன. பல நோயாளிகளின் எதிர்ப்பொருள் அந்த அடுக்கமைப்பைத்தான் நன்றாக அடையாளம் காண்கிறது.

செல் அடிப்படையிலான முறையில், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனிதச் செல்களுக்குள் அக்வாபோரின்-4 மரபணுவைச் செலுத்தி, அந்தப் புரதத்தைச் செல்லே தன் சவ்வில் இயல்பான வடிவத்தில் உருவாக்கும்படி செய்கிறார்கள். வணிகத் தொகுதியாக வரும் கண்ணாடித் தகட்டில், ஒரு சிறு சதுரத்தில் மரபணு செலுத்தப்பட்ட செல்களும் அடுத்த சதுரத்தில் செலுத்தப்படாத செல்களும் பதப்படுத்தப்பட்டு ஒட்டப்பட்டிருக்கும். சீரத்தை நீர்த்துப்போகச் செய்து இரண்டின் மேலும் விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து, இருட்டறையில் நுண்ணோக்கியின் கீழ் பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் முதல் சதுரத்தில் செல்களின் ஓரங்கள் பச்சையாக ஒளிரும். இரண்டாவது சதுரம் இருண்டே இருக்கும். இரண்டுமே ஒளிர்ந்தால் சீரம் வேறெதிலோ ஒட்டுகிறது என்று பொருள். அதை பாசிட்டிவ் என்று எழுதக்கூடாது. கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் வேலை என்பதால் பார்ப்பவரின் அனுபவம் இங்கே மிக முக்கியம்.

2015 வரையறையை உருவாக்கிய நிபுணர் குழு தொகுத்த தரவுகளின்படி, செல் அடிப்படையிலான முறை நோயுள்ளவர்களில் சராசரியாக 76.7 சதவீதத்தினரைப் பிடிக்கிறது. எலைசா 63, 64 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. பொய்யான பாசிட்டிவும் எலைசாவில்தான் சற்று அதிகம், குறிப்பாக எண் எல்லை மதிப்புக்கு மிக அருகில் இருக்கும்போது. வாய்ப்பிருந்தால் செல் அடிப்படையிலான முறையையே பயன்படுத்தவேண்டும் என்று அந்தக் குழு வெளிப்படையாகப் பரிந்துரைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. இதற்குப் பிறகும் முறையின் பெயரை அடிக்குறிப்பில் ஒளித்துவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது ஆய்வகத்தின் முகப்பு அனுபவம் முதலாவதற்கு நேர்மாறு. செயலி கிடையாது. தொலைபேசியில் காத்திருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பதில்லை. அவர்களுடைய சேகரிப்பு மையத்துக்கு அக்காவைச் சக்கர நாற்காலியில் அழைத்துச்சென்றோம். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கான சோதனையை விற்பவர்கள், வாசலில் ஒரு சாய்தளம் அமைக்காமல் இருப்பதை என்னவென்று சொல்வது. ஆனால் அவர்கள் தந்த படிவத்தில் ஒரு முழுப் பக்கம் மருத்துவ விவரங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது: முதல் அறிகுறி எப்போது, கடைசித் தாக்குதல் எப்போது, ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றம், இம்யூனோகுளோபுலின், ரிட்டுக்சிமாப் ஆகியவற்றில் எது, எந்தத் தேதியில் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பிளாஸ்மா மாற்றம் முடிந்த தேதியை நான் தெளிவில்லாமல் எழுதியிருந்தேன் போலும். மறுநாள் ஆய்வகத்திலிருந்தே ஓர் அம்மையார் அழைத்து, “கடைசியாகச் செய்தது எந்த மாதம் என்று சரியாகச் சொல்லுங்கள், அதற்குப் பிறகுதான் மாதிரியைச் சோதனைக்கு எடுப்போம்” என்றார். இந்த ஓர் அழைப்புக்காகவே மற்ற அசௌகரியங்களைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அறிக்கைக்குக் காத்திருக்கும் காலம் நீளம். மாதிரிகளைச் சேர்த்துவைத்து வாரத்தில் குறிப்பிட்ட நாளில் மட்டும் செய்கிறார்கள் என்பதைக் கேட்ட பிறகே சொன்னார்கள். பணம் கட்டும்போதே சொல்லியிருக்கலாம். வந்த அறிக்கை பார்க்க எளிமையாக இருந்தாலும், அதில் இருக்கவேண்டியவை எல்லாம் இருந்தன. மாதிரி சீரம் என்றும், முறை பதப்படுத்திய செல்களில் மறைமுக ஒளிர்வு என்றும், தொடக்க நீர்ப்பு 1:10 என்றும், முடிவு பாசிட்டிவ் என்றும், இறுதி டைட்டர் 1:320 என்றும் வரிவரியாக எழுதி, பார்த்த மருத்துவரின் கையொப்பத்தோடு அனுப்பியிருந்தார்கள். டைட்டர் என்பது சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் செல்கள் ஒளிர்கின்றன என்ற அளவு. 1:10-இல் மட்டும் மங்கலாக ஒளிர்ந்து அடுத்த நீர்ப்பில் மறைந்துவிடும் முடிவுக்கும், 1:320 வரை தாக்குப்பிடிக்கும் முடிவுக்கும் மருத்துவரின் பார்வையில் உள்ள நம்பிக்கை வேறு. அதைத் தெரிவிக்காமல் வெறும் பாசிட்டிவ் என்று மட்டும் எழுதும் அறிக்கை பாதி அறிக்கைதான்.

இதே அறிக்கையின் இரண்டாம் பக்கத்தை மட்டும் நான் பாராட்ட மாட்டேன். விளக்கக் குறிப்பு என்ற தலைப்பில், எல்லா நோயாளிகளுக்கும் ஒட்டும் ஒரு பொதுப் பத்தி அச்சிடப்பட்டிருந்தது. படிவத்தில் அத்தனை விவரம் வாங்கியவர்கள், அதை ஒட்டி இரண்டு வரி எழுதியிருக்கலாமே என்று தோன்றியது.

நரம்பிழைகளின் உறையில் உள்ள மோக் என்ற புரதத்தைத் தாக்கும் மோக் எதிர்ப்பொருளுக்கான சோதனையைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், ஏனெனில் இரண்டையும் இணைத்தே பெரும்பாலும் விற்கிறார்கள். இணைப்பதில் தவறில்லை, பார்வை நரம்பிலும் தண்டுவடத்திலும் ஒரேமாதிரியான தாக்குதலை மோக் நோயும் உண்டாக்கும், குழந்தைகளிடம் அதுவே அதிகம் காணப்படுகிறது. ஆனால் மோக் விஷயத்தில் டைட்டர் இன்னும் கண்டிப்பாகத் தேவை. 2023-இல் வெளியான சர்வதேச வரையறையில், பதப்படுத்திய செல் முறையில் 1:100-உம் அதற்கு மேலும் தெளிவான பாசிட்டிவ் என்றும், அதற்குக் கீழே இருந்தால் தாழ்ந்த பாசிட்டிவ் என்றும் பிரித்திருக்கிறார்கள். தாழ்ந்த பாசிட்டிவ் உள்ளவருக்கு அக்வாபோரின்-4 நெகட்டிவாக இருப்பதோடு, நோய்க்குரிய கூடுதல் சான்றுகளும் இருந்தால்தான் நோய் உறுதியாகும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களிடமும் தாழ்ந்த அளவில் இது தென்படக்கூடும். இன்னொன்று, மோக் எதிர்ப்பொருள் சிலரிடம் காலப்போக்கில் மறைந்துவிடும் என்பதால், தாக்குதல் நடந்த சமயத்தில் எடுத்த இரத்தத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

முதல் ஆய்வகம் சோதனைக்குப் பிறகு எங்களுக்குத் தொடர்ந்து அனுப்பிய விளம்பரங்களில் ஒன்று, நரம்பியல் தன்னுடல் தாக்கு நோய்களுக்கான முழுத் தொகுப்பு. கைகால் மரத்துப்போதல், களைப்பு, மறதி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரின் பரிந்துரை இல்லாமலே ஒரே குப்பி இரத்தத்தில் பல எதிர்ப்பொருள்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தது. இதை வாங்கவேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். களைப்போடு வரும் 1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருப்பதாகவும், சோதனை நோயுள்ளவர்களில் 75 சதவீதத்தினரைப் பிடிப்பதாகவும், நோயற்றவர்களில் 99 சதவீதத்தினரைச் சரியாக விலக்குவதாகவும் வைத்துக்கொள்வோம். உண்மையான பாசிட்டிவ் ஏழெட்டுப் பேர். பொய்யான பாசிட்டிவ் ஏறக்குறைய 10 பேர். பாசிட்டிவ் என்று வந்தவர்களில் பாதிக்கு மேல் நோயில்லாதவர்கள். அதே சோதனையை, அறிகுறிகளையும் எம்.ஆர்.ஐ.யையும் பார்த்துப் பாதிப் பேருக்கு நோய் இருக்கக்கூடும் என்று மருத்துவர் கருதும் 1,000 பேரிடம் செய்தால், 375 உண்மையான பாசிட்டிவுக்கு 5 பொய்யானவைதான் வரும். சோதனை அதுவேதான், யாரிடம் செய்கிறோம் என்பது மாறும்போது அதன் சொல்லுக்குள்ள மதிப்பும் மாறிவிடுகிறது. தொகுப்பில் பத்து எதிர்ப்பொருள்கள் இருந்தால் இந்தப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். அதில் உள்ள, கேட்-65 என்ற நொதியைத் தாக்கும் எதிர்ப்பொருள் முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடமும் தாழ்ந்த அளவில் சாதாரணமாகக் காணப்படுவது. உடல் விறைப்பு நோயில் அது மிக உயர்ந்த அளவில் இருக்கும். அந்த வேறுபாட்டை விளம்பரம் சொல்லாது.

சீரத்தோடு தண்டுவட நீரையும் சேர்த்துக் கொடுத்தால் துல்லியம் கூடும் என்ற பேச்சையும் கேட்டேன். சில மூளை அழற்சி நோய்களில் தண்டுவட நீர் இன்றியமையாதது. மோக் சோதனையிலும் சில வேளைகளில் உதவும். அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளோ பெரும்பாலும் மூளைக்கு வெளியே உற்பத்தியாகி இரத்தத்தின் வழியே வருவது; சீரம்தான் ஏற்ற மாதிரி. இதற்காக மட்டும் முதுகில் ஊசி குத்திக்கொள்ளத் தேவையில்லை.

பாசிட்டிவ் வந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டைட்டரைப் பார்த்துவந்தால் அடுத்த தாக்குதலை முன்கூட்டியே அறியலாமா என்று நானும் மருத்துவரிடம் கேட்டேன். தனி ஒரு நோயாளியின் டைட்டர் ஏறி இறங்குவதை வைத்துத் தாக்குதல் வருமா வராதா என்று நம்பத்தக்க வகையில் சொல்ல முடியாது, சிகிச்சையைத் தீர்மானிக்க ஒரு தெளிவான பாசிட்டிவ் போதும் என்றார். ஆகவே மறுசோதனைச் சந்தா என்று எந்த ஆய்வகம் நீட்டினாலும் மறுத்துவிடலாம். நெகட்டிவ் வந்தும் மருத்துவருக்குச் சந்தேகம் தீராதபோதுதான் மறுசோதனைக்குப் பொருள் இருக்கிறது.

மதிப்பெண் போடவேண்டுமென்றால், முதல் ஆய்வகத்துக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் இரத்தம் எடுக்க வந்தவரின் கைப்பக்குவத்துக்காக. இரண்டாவதற்கு ஐந்துக்கு நான்கு. குறைந்த ஒன்று சாய்தளத்துக்கும் அந்த அச்சடித்த பத்திக்கும் உரியது. முன்பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் முறை என்ன, டைட்டர் தருவீர்களா என்று கேளுங்கள்; எதிர்முனையில் இருப்பவருக்குக் கேள்வியே புரியவில்லை என்றால், ஆய்வகப் பொறுப்பாளரிடம் இணைக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் பிளாஸ்மா மாற்றம் தொடங்கப்போகிறது என்று தெரிந்த உடனே, அதற்கு முன் ஒரு குப்பி இரத்தத்தை எடுத்துச் சீரத்தைப் பிரித்து உறையவைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தயக்கம் வேண்டாம். இரண்டாவது ஆய்வகம் மீதமிருந்த சீரத்தைப் பாதுகாத்து வைத்திருந்தது. அதனால் மோக் சோதனையைப் பின்னர் சேர்க்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, அக்காவை மறுபடியும் அந்தப் படிகளில் ஏற்றவேண்டிய தேவை வரவில்லை.